எஸ்விடி கோப்பிலிருந்து ரெஜிஸ்டர் நிரல்: வகைப் பாதுகாப்போடு வன்பொருளைத் தொட ஒரு வழிகாட்டி

எஸ்டிஎம்32எஃப்103 என்ற மைக்ரோகன்ட்ரோலரில் சி போர்ட்டின் 13ஆம் பின்னை வெளியீடாக மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதைத் தீர்மானிக்கும் ரெஜிஸ்டரின் (வன்பொருளைக் கட்டுப்படுத்தும், முகவரியுள்ள 32 பிட் இடம்) பெயர் சிஆர்எச்; பதினறும எண்ணில் அதன் முகவரி 4001 1004. சில் ரீசெட் ஆனதும் அதில் 4444 4444 என்ற மதிப்பு இருக்கும். ஒவ்வொரு பின்னுக்கும் அதில் நான்கு பிட்டுகள் ஒதுக்கப்பட்டுள்ளன: கீழ் இரண்டு பிட்டுகள் மோட் என்ற புலம், மேல் இரண்டு பிட்டுகள் சிஎன்எஃப் என்ற புலம். 13ஆம் பின்னுக்கு உரியவை 20 முதல் 23 வரையிலான பிட்டுகள். 2 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் புஷ்-புல் வெளியீடு (பின்னை உயர்த்தவும் தாழ்த்தவும் வல்லது) வேண்டுமானால் அந்த நான்கு பிட்டுகளும் 0010 என்று இருக்க வேண்டும்.

புதிதாக வருகிறவர் பெரும்பாலும் என்ன செய்வார்? 2 என்ற எண்ணை 20 இடம் இடப்பக்கம் நகர்த்தி, ரெஜிஸ்டரில் ஏற்கெனவே உள்ள மதிப்போடு ஆர் (இரண்டில் எதில் 1 இருந்தாலும் 1 தரும் பிட் செயல்) செய்வார். அங்கே ஏற்கெனவே இருப்பது 0100. அதோடு 0010ஐ ஆர் செய்தால் கிடைப்பது 0110. அதாவது புஷ்-புல் அன்று, பின்னைத் தாழ்த்த மட்டுமே வல்ல ஓபன்-டிரெய்ன். இந்தப் பிழையின் விஷமம் என்னவென்றால், விளக்கு எரிந்துவிடும். இந்தச் சில்லைத் தாங்கி வரும் சிறிய பலகைகளில் அந்தப் பின்னில் உள்ள எல்இடி 3.3 வோல்ட்டுக்கும் பின்னுக்கும் இடையே கட்டப்பட்டிருப்பது வழக்கம். பின் தாழ்ந்தாலே அது எரியும், பின்னைக் கீழே இழுக்க ஓபன்-டிரெய்னே போதும். அதே வரியை நகலெடுத்து ஒரு டிரான்சிஸ்டரின் பேஸை உயர்த்திப் பிடிக்கப் பயன்படுத்தும் நாளில்தான் பின் உயரவே மறுக்கும். அப்போது நாம் சந்தேகிப்பது டிரான்சிஸ்டரையாக இருக்கும்.

கம்பைலரின் பார்வையில் இதில் எந்தத் தவறும் இல்லை. அது பார்த்தது 32 பிட் எண் ஒன்றைத்தான். அந்த எண்ணில் மோட் எது, சிஎன்எஃப் எது என்பதை அதற்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லிக் கொடுக்கும் நிரலைக் கையால் எழுதாமல், கருவியைக் கொண்டு உருவாக்கிக்கொள்வது எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். மொழியாக ரஸ்ட்டையும், கருவியாக, எஸ்விடி என்ற சில் விவரக் கோப்பிலிருந்து ரஸ்ட் நிரலை உருவாக்கும் எஸ்விடி2ரஸ்ட்டையும் எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளையும் பெயர்களையும் உச்சரிப்பின்படி தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சி மொழியில் தயாரிப்பாளர் தரும் ஹெடர் கோப்பு இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். ஹெடரில் உள்ள பெயர்கள் எல்லாம் வெறும் எண்களுக்கு இட்ட மாறுபெயர்கள். ஒரு டைமரின் மாறிலியைக் கொண்டுபோய் யூசார்ட்டின் (தொடர்வரிசைத் தகவல் பரிமாற்றக் கருவி) ரெஜிஸ்டரில் எழுதினாலும் கம்பைலர் எதிர்க்காது. சியின் பிட்-ஃபீல்டு அமைப்பைப் பயன்படுத்தலாமே என்றால், பிட்டுகள் எந்த வரிசையில் அமையும் என்பதை அந்த மொழி கம்பைலரின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. ஒரு புலத்தைத் தொட எத்தனை பிட் அகலத்தில் அணுகும் என்பதும் அப்படியே. நம் எடுத்துக்காட்டுச் சில்லின் போர்ட் ரெஜிஸ்டர்களை முழு 32 பிட் சொல்லாக மட்டுமே அணுக வேண்டும் என்பது அதன் கையேட்டு விதி என்பதால், இங்கே அந்தச் சுதந்திரம் ஆபத்தானது.

எஸ்விடி கோப்பு என்பது என்ன

ஆர்ம் நிறுவனத்தின் சிஎம்சிஸ் தரத்தில் ஒரு பகுதி எஸ்விடி. ஒரு சில்லில் உள்ள புறக்கருவிகள் (போர்ட், டைமர், யூசார்ட் போன்றவை), அவற்றின் ரெஜிஸ்டர்கள், ரெஜிஸ்டருக்குள் உள்ள புலங்கள், இன்டரப்ட் (ஓடும் நிரலை இடைநிறுத்திக் கவனம் கோரும் குறிப்பு) எண்கள் ஆகியவற்றை எக்ஸ்எம்எல் வடிவில் விவரிக்கும் கோப்பு அது. டீபக்கரில் ஒரு ரெஜிஸ்டரைச் சொடுக்கினால் அதன் புலங்கள் பெயரோடு விரிகின்றனவே, அதற்கு ஆதாரம் இந்தக் கோப்புதான். கோப்பில் ஒரு சிறு தவறு இருந்தால் டீபக்கரில் ஒரு பெயர் பிசகித் தெரியும், அவ்வளவுதான். அதே கோப்பிலிருந்து நிரலை உருவாக்கினால் அந்தத் தவறு நிரலாகிவிடும். ஆகவே கோப்பை உருவாக்கியிடம், அதாவது நிரலை உருவாக்கும் கருவியிடம், கொடுக்கும் முன் வாசிப்பது என்பதைத் தவிர்க்கக் கூடாத ஒரு படியாகவே வைக்கிறேன்.

கோப்பு கிடைக்கும் இடம் பெரும்பாலும் தயாரிப்பாளர் வெளியிடும் சிஎம்சிஸ் பேக். அதன் விரிவு .பேக் என்று இருந்தாலும் உண்மையில் அது ஒரு ஜிப் கோப்புதான். பெயரை மாற்றி விரித்தால் உள்ளே .எஸ்விடி கோப்பு கிடைக்கும். எடுத்த கோப்பை உங்கள் கிட் களஞ்சியத்திலேயே, எந்தப் பதிப்புப் பேக்கிலிருந்து எடுத்தீர்கள் என்ற குறிப்போடு, மாற்றம் எதுவும் செய்யாமல் வைத்துக்கொள்ளுங்கள். திருத்தங்கள் வேறொரு கோப்பில் இருக்கும். அதைப் பின்னால் பார்ப்போம்.

கருவிகளை நிறுவுதல்

இது விரைவாக முடிகிற வேலை. ரஸ்ட்டப் வழியாக ரஸ்ட் நிறுவியிருப்பதாகக் கொள்கிறேன். எஃப்103இன் மையம் கார்டெக்ஸ்-எம்3 என்பதால் 'தம்ப்வி7எம்-நன்-ஈஏபிஐ' என்ற இலக்கைச் சேர்க்க வேண்டும். பிறகு 'கார்கோ இன்ஸ்டால்' கொண்டு மூன்று கருவிகளை நிறுவிக்கொள்ளுங்கள்: நிரலை உருவாக்கும் எஸ்விடி2ரஸ்ட், எஸ்விடி கோப்பைத் திருத்தும் எஸ்விடிடூல்ஸ், உருவான ஒற்றைப் பெருங்கோப்பைத் தனித்தனிக் கோப்புகளாகப் பிரிக்கும் ஃபார்ம். மூன்றின் பதிப்பு எண்களையும் களஞ்சியத்தில் எழுதி வைப்பது நல்லது, ஏனெனில் எஸ்விடி2ரஸ்ட் தன் வெளியீட்டின் வடிவத்தைப் பதிப்புக்குப் பதிப்பு மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. பழைய பதிப்புகள் ரெஜிஸ்டரை அமைப்பின் உறுப்பாகத் தந்தன. புதியவை மெத்தடாகத் தருகின்றன. இணையத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டில் ரெஜிஸ்டர் பெயருக்குப் பின் அடைப்புக்குறி இல்லை என்பதற்காகக் குழம்ப வேண்டாம். அது பழைய காலத்தது.

கோப்பை வாசித்தல்

எஸ்விடி கோப்பு பல்லாயிரம் வரிகள் நீளக்கூடியது; முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. நீங்கள் பயன்படுத்தப்போகும் புறக்கருவியை மட்டும், ஒரு பக்கத்தில் எஸ்விடியையும் மறுபக்கத்தில் கையேட்டையும் திறந்து வைத்துக்கொண்டு, வரி வரியாக ஒப்பிடுங்கள். எஃப்103க்கு உரிய கையேட்டின் எண் ஆர்எம்0008.

முதலில் புறக்கருவியின் அடிப்படை முகவரி. ஜிபிஐஓசிக்கு, அதாவது சி போர்ட்டுக்கு, அது 4001 1000. சிஆர்எச் ரெஜிஸ்டரின் தூரம் 4. இரண்டையும் கூட்டினால் நாம் தொடக்கத்தில் பார்த்த 4001 1004. ஜிபிஐஓசியின் கீழ் ரெஜிஸ்டர்களே இல்லாமல் 'ஜிபிஐஓஏவிலிருந்து பெறப்பட்டது' என்ற பொருளில் 'டிரைவ்டு-ஃப்ரம்' என்று மட்டும் இருந்தால், விவரங்களை ஜிபிஐஓஏவின் கீழ் தேடுங்கள். இது குறை அன்று, வசதி; ஏயில் செய்யும் திருத்தம் மற்ற போர்ட்டுகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

அடுத்து ரீசெட் மதிப்பு. பலர் இதை அலங்காரத் தகவல் என்று எண்ணித் தாண்டிவிடுவார்கள். உருவாக்கப்படும் நிரலில் 'ரைட்' என்ற மெத்தட் இந்த மதிப்பிலிருந்துதான் தொடங்குகிறது என்பதால், இது தவறாக இருந்தால் நீங்கள் தொடாத புலங்களிலும் தவறான பிட்டுகள் எழுதப்படும். சிஆர்எச்சுக்கு இது 4444 4444 என்று இருக்க வேண்டும்.

மூன்றாவது, அணுகல் முறை. பின்களை உயர்த்தவும் தாழ்த்தவும் பயன்படும் பிஎஸ்ஆர்ஆர் என்ற ரெஜிஸ்டர் எழுத மட்டுமே உரியது. கோப்பில் 'ரைட்-ஒன்லி' என்று இருந்தால், உருவாகும் நிரலில் அதற்கு வாசிக்கும் மெத்தடே இருக்காது. கோப்பில் தவறுதலாக 'ரீட்-ரைட்' என்று குறித்திருந்தால் அந்தப் பாதுகாப்பு சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும்.

பிறகு புலங்கள்: எந்தப் பிட்டில் தொடக்கம், எத்தனை பிட் அகலம். ஒரு முறை வேறொரு சில்லின் கோப்பில் இரண்டு பிட் அகலமுள்ள புலம் ஒரு பிட் என்று பதிவாகியிருந்தது. உருவாக்கி அதை ஒரு பூலியன் என்று எண்ணி, இயக்கு, நிறுத்து என்ற இரண்டே வழிகளைத் தந்தது. எனக்கு வேண்டியது மூன்றாவது நிலை. வகைகள் எல்லாம் பொருந்தி, கம்பைலரும் வாழ்த்தி அனுப்பிய அந்த நிரலில் பிழை எங்கே என்று இரண்டு மாலைப் பொழுதுகள் தேடினேன். கையேட்டை எடுத்துப் புலத்தின் அகலத்தை எண்ணிப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

திருத்தக் கோப்பு எழுதுதல்

தயாரிப்பாளர்களின் எஸ்விடி கோப்புகள் பலவற்றில் புலங்களின் பெயரும் இடமும் இருக்கும். ஆனால் அந்தப் புலம் ஏற்கும் மதிப்புகளின் பெயர்கள் இருக்காது. மோட் என்பது இரண்டு பிட் என்று தெரியும். 2 என்றால் 2 மெகாஹெர்ட்ஸ் வெளியீடு என்பது கோப்புக்குத் தெரியாது. வகைப் பாதுகாப்பின் பெரும்பகுதி இந்தப் பெயர்களிலிருந்துதான் கிடைக்கிறது என்பதால் அவற்றை நாம் சேர்க்க வேண்டும். எஸ்விடிடூல்ஸ் இதற்கு ஒரு யாமல் கோப்பை எதிர்பார்க்கிறது:

```
_எஸ்விடி: எஃப்103.எஸ்விடி
ஜிபிஐஓஏ:
  சிஆர்எச்:
    "மோட்*":
      இன்புட்: [0, "உள்ளீடு"]
      அவுட்புட்10: [1, "வெளியீடு, 10 மெகாஹெர்ட்ஸ்"]
      அவுட்புட்2: [2, "வெளியீடு, 2 மெகாஹெர்ட்ஸ்"]
      அவுட்புட்50: [3, "வெளியீடு, 50 மெகாஹெர்ட்ஸ்"]
    "சிஎன்எஃப்*":
      புஷ்புல்: [0, "புஷ்-புல்"]
      ஓபன்டிரெய்ன்: [1, "ஓபன்-டிரெய்ன்"]
      ஆல்ட்புஷ்புல்: [2, "மாற்றுப் பணி, புஷ்-புல்"]
      ஆல்ட்ஓபன்டிரெய்ன்: [3, "மாற்றுப் பணி, ஓபன்-டிரெய்ன்"]
```

நட்சத்திரக் குறி மோட்8 முதல் மோட்15 வரை எல்லாவற்றையும் ஒரே வரியில் பிடித்துக்கொள்கிறது. மதிப்புகளின் வரிசையைக் கவனியுங்கள்: 1 என்பது 10 மெகாஹெர்ட்ஸ், 2 என்பது 2 மெகாஹெர்ட்ஸ். எண்கள் ஏறுமுகமாக இருக்க வேகங்கள் அப்படி இல்லை. மாறிலிகளைக் கையால் எழுதுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இது. ஒரு முறை கையேட்டைப் பார்த்து இங்கே சரியாகப் பதிந்துவிட்டால் பிறகு யாரும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை.

பெயர் சூட்ட முடியாத புலங்களும் உண்டு. யூசார்ட்டின் பாட் வேகத்தைத் தீர்மானிக்கும் பிஆர்ஆர் ரெஜிஸ்டரில் 12 பிட் அகலமுள்ள ஒரு புலம் வெறும் எண்ணைத்தான் ஏற்கிறது. அதற்கு எல்லையை மட்டும் [0, 4095] என்று குறித்தால் போதும். குறிக்காமல் விட்டால், அந்தப் புலத்தில் எண் எழுதுவதை எஸ்விடி2ரஸ்ட் 'அன்சேஃப்' என்று அறிவித்துவிடும். எந்த எண் பொருந்தும், எது பொருந்தாது என்று அதற்குத் தெரியாதபோது அப்படி அறிவிப்பதே நேர்மை. அன்சேஃப் என்ற சொல் நிரலில் அடிக்கடி வந்தால் அதை உங்கள் எஸ்விடியில் விவரம் போதவில்லை என்பதற்கான அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகைப் புலம் தனிக் கவனம் கோருவது: 1 என்று எழுதினால் அழியும் கொடிப் பிட்டுகள். இன்டரப்ட் நிலையைக் காட்டும் ரெஜிஸ்டர்களில் இவை சாதாரணம். இத்தகைய ரெஜிஸ்டரை வாசித்து, ஒரு பிட்டை மாற்றி, திரும்ப எழுதினால், வாசிக்கும்போது 1 ஆக இருந்த மற்றக் கொடிகளும் அழிந்துவிடும். கையாளப்படாத ஓர் இன்டரப்ட் தடயமின்றி மறைந்துபோகும். எஸ்விடியில் இதைச் சொல்ல 'மாடிஃபைட்-ரைட்-வேல்யூஸ்' என்ற குறி இருக்கிறது, அதில் 'ஒன்-டு-கிளியர்' என்று இட்டால் உருவாக்கி அந்தப் புலத்துக்கு 'கிளியர்_பிட்_பை_ஒன்' என்ற தனி மெத்தடைத் தருகிறது. தயாரிப்பாளரின் கோப்பில் இந்தக் குறி விடுபட்டிருப்பது அரிதன்று. திருத்தக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.

'எஸ்விடி பேட்ச்' கட்டளையை இந்த யாமல் கோப்பின் மீது ஓட்டினால், மூலக் கோப்பைத் தொடாமல், அதன் பெயரோடு '.பேட்ச்டு' என்று முடியும் புதிய கோப்பு கிடைக்கும். உங்கள் சில் எஸ்டிஎம்32 குடும்பத்தைச் சேர்ந்தது என்றால், எஸ்டிஎம்32-ஆர்எஸ் என்ற திறமூலத் திட்டம் இத்தகைய திருத்தங்களை ஏற்கெனவே பெருமளவில் சேர்த்து, ஆயத்த நிரலாகவும் வெளியிடுகிறது. வேலைக்கு அதையே பயன்படுத்துங்கள். ஆனால் ஒரு முறையாவது இந்தப் படிகளைத் தாமே செய்து பார்த்தவருக்குத்தான் அதில் ஒரு பிழை கண்ணில் படும்போது எங்கே கைவைப்பது என்று தெரியும்.

நிரலை உருவாக்குதல்

புதிய லைப்ரரி கிரேட் (ரஸ்ட்டில் ஒரு நிரல் தொகுப்பு) ஒன்றைத் தொடங்கி, அந்தக் கோப்புறையில் இவற்றை வரிசையாக ஓட்டுங்கள்:

```
எஸ்விடி2ரஸ்ட் -ஐ எஃப்103.எஸ்விடி.பேட்ச்டு --டார்கெட் கார்டெக்ஸ்-எம்
ஃபார்ம் -ஐ லிப்.ஆர்எஸ் -ஓ எஸ்ஆர்சி/
கார்கோ எஃப்எம்டி
```

முதல் கட்டளை மூன்று கோப்புகளைத் தரும்: நிரல் முழுவதையும் கொண்ட லிப்.ஆர்எஸ், இன்டரப்ட் பெயர்களை லிங்கருக்குச் சொல்லும் டிவைஸ்.எக்ஸ், அதை உரிய இடத்தில் சேர்க்கும் பில்ட்.ஆர்எஸ். இரண்டாவது கட்டளை முடிந்ததும் பழைய லிப்.ஆர்எஸ்ஸை நீக்கிவிடலாம். கார்கோ.டாமலில் கார்டெக்ஸ்-எம், கார்டெக்ஸ்-எம்-ஆர்டி, விசெல், கிரிட்டிக்கல்-செக்ஷன் ஆகிய சார்புகளைச் சேர்க்க வேண்டும். இன்டரப்ட் அட்டவணை வேண்டுமானால் 'ஆர்டி' என்ற அம்சத்தையும் அறிவிக்க வேண்டும்.

உருவான கோப்பைத் திறந்து ஒரு முறை பார்ப்பது பயனுள்ளது. ஒவ்வொரு புறக்கருவிக்கும் ஒரு ரெஜிஸ்டர் தொகுதி இருக்கும். அதன் உறுப்புகள் நினைவகத்தில் கையேடு சொல்லும் அதே தூரங்களில் அமைய, இடையில் உள்ள வெற்றிடங்கள் 'ரிசர்வ்டு' என்ற உறுப்புகளால் நிரப்பப்பட்டிருக்கும். ஒவ்வொரு ரெஜிஸ்டரையும் சுற்றி ஒரு வாலட்டைல் உறை இருக்கும். அந்த உறை இல்லாவிட்டால், ஒரே முகவரியில் இரண்டு முறை எழுதுவது வீண் என்று கம்பைலர் எண்ணி முதலாவதை நீக்கிவிடக்கூடும். வன்பொருளுக்கோ இரண்டும் இரண்டு தனிச் செயல்கள்.

இந்தக் கோப்புகளில் ஓர் எழுத்தைக்கூடக் கையால் திருத்தாதீர்கள். அடுத்த முறை உருவாக்கும்போது அது அழிந்துவிடும், அழிந்தது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. திருத்தம் யாமல் கோப்பில்தான் இருக்க வேண்டும்.

முதல் நிரல்

நம் நிரல் இனி வேறொரு கிரேட்டில். அதற்கு நினைவக வரைபடம் சொல்லும் மெமரி.எக்ஸ் என்ற கோப்பு வேண்டும்: எஃப்103சி8 சில்லில் ஃபிளாஷ் 0800 0000 முகவரியில் தொடங்கி 64 கிலோபைட், ரேம் 2000 0000இல் தொடங்கி 20 கிலோபைட்.

எல்லாப் புறக்கருவிகளையும் 'பெரிஃபெரல்ஸ்::டேக்' என்ற செயல்பாடு ஒரே முறை தரும். இரண்டாம் முறை கேட்டால் 'நன்' என்றுதான் விடை வரும். நிரலின் இரண்டு மூலைகள் ஒரே டைமரைத் தமது என்று எண்ணிக்கொள்வதைத் தடுக்கும் ஏற்பாடு இது. இங்கே புதியவர்கள் பலர் சந்திப்பது ஒரு லிங்கர் பிழை: கிரிட்டிக்கல்-செக்ஷன் (இன்டரப்ட் குறுக்கிடாமல் ஓடும் பகுதி) தொடர்பான ஒரு பெயர் கிடைக்கவில்லை என்று அது புலம்பும். ஒற்றை மையச் சில்லுகளுக்கு, கார்டெக்ஸ்-எம் கிரேட்டின் 'கிரிட்டிக்கல்-செக்ஷன்-சிங்கிள்-கோர்' என்ற அம்சத்தை இயக்கினால் அது தீரும்.

'டேக்' தந்ததைப் 'பி' என்ற மாறியில் வைத்துக்கொண்டால், இனி மூன்று செயல்கள்:

```
பி.ஆர்சிசி.ஏபிபி2ஈஎன்ஆர்().மாடிஃபை(|_, டபிள்யூ| டபிள்யூ.ஐஓபிசிஈஎன்().செட்_பிட்());

பி.ஜிபிஐஓசி.சிஆர்எச்().மாடிஃபை(|_, டபிள்யூ| {
    டபிள்யூ.மோட்13().அவுட்புட்2();
    டபிள்யூ.சிஎன்எஃப்13().புஷ்புல்()
});

பி.ஜிபிஐஓசி.பிஎஸ்ஆர்ஆர்().ரைட்(|டபிள்யூ| டபிள்யூ.பிஆர்13().செட்_பிட்());
```

முதல் வரி சி போர்ட்டுக்குக் கிளாக் தருகிறது. ஏபிபி2ஈஎன்ஆர் ரெஜிஸ்டரின் 4ஆம் பிட் அது. இதை மறந்தால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. அடுத்த வரிகள் எழுதுவதெல்லாம் காற்றில் போகும், விளக்கு எரியாது. வகைப் பாதுகாப்பு இந்த மறதியைப் பிடிக்காது என்பதையும் இப்போதே மனத்தில் கொள்ளுங்கள்.

இரண்டாவது செயலில் தொடக்கத்தில் பார்த்த ஆர் பிழைக்கு இடமே இல்லை. 'புஷ்புல்' என்று எழுதினால் சிஎன்எஃப்13இன் இரண்டு பிட்டுகளும் முதலில் துடைக்கப்பட்டு, பிறகு 00 இடப்படும். 'அவுட்புட்2' என்பதைத் தவறுதலாகச் சிஎன்எஃப்பின் மீது அழைத்தால், அந்தப் புலத்துக்கு அப்படி ஒரு மெத்தட் இல்லை என்று கம்பைலரே நிறுத்திவிடும்.

மூன்றாவது வரியில் ஏன் 'மாடிஃபை' இல்லை, ஏன் 'ரைட்'? இந்த வேறுபாட்டில் கொஞ்சம் நின்று பார்ப்பது தகும், ஏனெனில் உருவாக்கப்பட்ட நிரலைப் பயன்படுத்துவோர் அதிகம் இடறுவது இங்கேதான். 'மாடிஃபை' இருக்கும் மதிப்பை வாசித்து, நீங்கள் சொன்ன புலங்களை மட்டும் மாற்றி, திரும்ப எழுதுகிறது. 'ரைட்' எதையும் வாசிப்பதில்லை. எஸ்விடியில் உள்ள ரீசெட் மதிப்பை எடுத்து, அதில் உங்கள் புலங்களைப் பதித்து, எழுதிவிடுகிறது. முதல் வரியில் 'மாடிஃபை'க்குப் பதில் 'ரைட்' போட்டிருந்தால், அதற்கு முன் ஏ போர்ட்டுக்கோ யூசார்ட்டுக்கோ தந்த கிளாக் அந்தக் கணமே நின்றிருக்கும். பிஎஸ்ஆர்ஆரின் கதை வேறு. அதில் 0 எழுதினால் எதுவும் நடக்காது; கீழ் 16 பிட்டுகளில் 1 எழுதினால் உரிய பின் உயரும், மேல் 16இல் எழுதினால் தாழும். பிஆர்13 என்பது 29ஆம் பிட். ஆகவே 'ரைட்' போதும், வாசிக்க முடியாத ரெஜிஸ்டர் என்பதால் 'மாடிஃபை' உருவாக்கப்படவும் இல்லை.

வாசித்தாலே விளைவு உண்டாகும் ரெஜிஸ்டரில் 'மாடிஃபை' பயன்படுத்துவது இன்னும் மோசம். யூசார்ட்டின் டிஆர் ரெஜிஸ்டரை வாசித்தால் வந்திருக்கும் பைட் எடுக்கப்பட்டு, ஆர்எக்ஸ்என்ஈ கொடி அழியும். ஒரு பைட்டை அனுப்புவதற்காக அங்கே 'மாடிஃபை' எழுதினால், வந்து காத்திருந்த பைட் ஒன்று ஓசையின்றித் தொலையும். டிஆர்ரில் அனுப்ப எப்போதும் 'ரைட்'.

'மாடிஃபை' மூன்று அடிகளாக நடக்கிறது என்பதால், நடுவில் ஓர் இன்டரப்ட் புகுந்து அதே ரெஜிஸ்டரை மாற்றினால் அந்த மாற்றம் மேலெழுதப்பட்டுவிடும். இரு இடங்களிலிருந்தும் தொடும் ரெஜிஸ்டர் என்றால் அதைக் கிரிட்டிக்கல்-செக்ஷனுக்குள் வையுங்கள்.

சரிபார்த்தல்

விளக்கு எரிவது சான்று அல்ல என்பதைத் தொடக்கத்திலேயே பார்த்தோம். டீபக்கரை இணைத்து, இரண்டாவது செயலுக்குப் பின் நிரலை நிறுத்தி, 4001 1004 முகவரியை வெறும் நினைவகமாக வாசியுங்கள். 4424 4444 என்று இருந்தால் சரி. 4464 4444 என்றால் ஓபன்-டிரெய்ன். டீபக்கரின் அழகான புலக் காட்சியை இங்கே நம்பக் கூடாது. அதுவும் எஸ்விடியைப் படித்துத்தான் சொல்கிறது, எஸ்விடி பொய் சொன்னால் நிரலும் காட்சியும் ஒரே பொய்யைச் சொல்லி ஒன்றையொன்று ஆமோதித்துக்கொள்ளும். ஒப்பிட வேண்டியது எண்ணையும் கையேட்டையும்.

இத்தனை உறைகளும் வகைகளும் வேகத்தைக் குறைக்காதா என்ற ஐயம் இருந்தால், ரிலீஸ் முறையில் கட்டி அசெம்பிளியைப் பாருங்கள்: ஒரு லோடு, பிட்டுகளை மாற்றும் ஓரிரு கட்டளைகள், ஒரு ஸ்டோர். புறக்கருவியைக் குறிக்கும் வகைகள் நினைவகத்தில் இடமே பிடிப்பதில்லை. டீபக் முறையில் மட்டும் நிரல் பெருத்தும் மெதுவாகவும் இருக்கும். நேரம் முக்கியமான பகுதியை அந்த முறையில் அளந்துவிட்டுக் கருவியைக் குறை சொல்ல வேண்டாம்.

எல்லை எங்கே

நம் திருத்தக் கோப்பில் ஒரு சிறு ஏமாற்று இருக்கிறது. சிஎன்எஃப்பின் மதிப்புகளுக்கு நாம் இட்ட பெயர்கள் வெளியீட்டுக்கு மட்டுமே பொருந்தும். மோட் உள்ளீடாக இருந்தால் 0 என்பது அனலாக், 1 மிதக்கும் உள்ளீடு, 2 புல்-அப் அல்லது புல்-டவுன். 3 பயன்பாட்டுக்கு உரியதன்று. ஒரு புலத்தின் பொருள் இன்னொரு புலத்தைச் சார்ந்திருப்பதை இந்த வகைகளால் சொல்ல முடியாது. மோட்13ஐ 'இன்புட்' என்றும் சிஎன்எஃப்13ஐ 'புஷ்புல்' என்றும் எழுதினால் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும், பின் அனலாக் உள்ளீடாகிவிடும். அதைத் தடுப்பது அடுத்த அடுக்கான ஹாலின் (ரெஜிஸ்டர்களை மறைத்து எளிய செயல்களாகத் தரும் நிரல் அடுக்கு) வேலை. பின்னின் நிலையையே அதன் வகையாக்கி, உள்ளீட்டுப் பின்னுக்கு 'செட்_ஹை' என்ற மெத்தடே இல்லாதபடி அது செய்துவிடும். அந்த ஹாலை எழுதுகிறவரும் கீழே இதே ரெஜிஸ்டர் நிரலைத்தான் தொடுகிறார்.

ரஸ்ட் வேண்டாம் என்பவர்களுக்கும் இதே எஸ்விடி கோப்பிலிருந்து வழி உண்டு. அடாவுக்கு எஸ்விடி2அடா இருக்கிறது; ஜிக் மொழிக்கு மைக்ரோஜிக் திட்டத்தின் ரெக்ஸ் இருக்கிறது; டைனிகோவும் தன் சாதனக் கோப்புகளை எஸ்விடியிலிருந்து உருவாக்கிக்கொள்கிறது; சி ஹெடர் வேண்டுமானால் ஆர்மின் எஸ்விடிகான்வ் தரும், அங்கே வகைப் பாதுகாப்பு மட்டும் அவ்வளவாகக் கிடைக்காது. வாசிப்பதும் திருத்துவதும் எல்லாவற்றுக்கும் ஒன்றே.

கோப்பு புதுப்பிக்கப்படும்போது

தயாரிப்பாளர் புதிய பேக் வெளியிட்டால் எஸ்விடியை மாற்றி, 'எஸ்விடி பேட்ச்' கட்டளையையும் பிறகு அதே மூன்று கட்டளைகளையும் ஓட்டி, உருவான நிரலில் கிட் காட்டும் வேறுபாட்டைப் பாருங்கள். இந்த ஓட்டத்தை ஒரு சிறு ஸ்கிரிப்டாக எழுதி, தொடர் ஒருங்கிணைப்பிலும் சேர்த்துவிட்டால், களஞ்சியத்தில் உள்ள நிரலும் யாமலிலிருந்து உருவாகும் நிரலும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு முறையும் தானாகவே சோதிக்கப்படும். புலத்தின் பெயர் மாறியிருந்தால் கவலை இல்லை, உங்கள் நிரல் கம்பைல் ஆகாமல் நின்று தானே சொல்லிவிடும். ரீசெட் மதிப்பு மாறியிருந்தால் எதுவும் நிற்காது. அந்த ரெஜிஸ்டருக்கான ஒவ்வொரு 'ரைட்'டும் இனி வேறொரு எண்ணை எழுதும். வேறுபாட்டில் 'ரீசெட் வேல்யூ' என்ற வரி ஒன்று தென்பட்டால், அந்த ரெஜிஸ்டரை 'ரைட்' செய்யும் இடங்களை எல்லாம் தேடியெடுத்து, கையேட்டோடு ஒப்பிட்ட பிறகே இணையுங்கள்.